தில்லானா மோகனாம்பாள்: முதலில் படிப்பதா, பார்ப்பதா, கேட்பதா?

திருநகர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். ஹார்வி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தந்தையார் சென்ற ஆண்டு காலமானார். அவர் பரணில் வைத்திருந்த தகரப் பெட்டியைப் போன மாதம்தான் இறக்கித் திறந்தோம். உள்ளே பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு, 45 சுழற்சி இசைத்தட்டுகள் சில, அவற்றுக்கு அடியில் பழைய வேட்டியில் சுற்றிய இரண்டு தடித்த பைண்டுகள் இருந்தன. 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதி வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை, அப்பா வாரா வாரம் இதழிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருந்திருக்கும். மில் சம்பளத்தில் தனியாக இதழ் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு பிரதி வாங்கினார்களாம். எல்லோரும் படித்து முடித்த பிறகு அந்தக் கதைப் பக்கங்கள் மட்டும் தனக்கு வந்துவிட வேண்டும் என்று அப்பா ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொண்டாராம்.

இரண்டாவது பைண்டில் ஓர் அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், அப்பாவின் கையெழுத்தில் இருக்கிறது. அந்த வாரத்து இதழை இரவல் வாங்கிச் சென்றவர் திருப்பித் தரவே இல்லை. அதனால் அடுத்த தெருவில் வேறொருவரிடம் ஓர் இரவுக்கு மட்டும் கேட்டு வாங்கி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து முழுவதையும் படியெடுத்ததாக அப்பா பல முறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தத் தாள்களை நான் கண்ணால் பார்த்தது இப்போதுதான். தொடருக்கு ஓவியம் வரைந்த கோபுலுவின் படம் இருந்த இடத்தில் அடிமட்டம் வைத்து ஒரு கட்டம் போட்டு, அதற்குள் ‘படம்: ஜன்னல் அருகே மோகனா’ என்று மட்டும் எழுதி, மீதி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார். படத்தை வரைந்து பார்க்க அவர் முயலவே இல்லை. ‘தொடரும்’ என்ற சொல்லைக்கூட இதழில் இருந்தபடியே வலது ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். தாத்தா இப்படிக் கை வலிக்க எழுதி வைத்த கதை என்ன கதை என்று அவளாகவே கேட்டாள். அந்தத் திரைப்படத்தை அவள் இதுவரை முழுதாகப் பார்த்ததில்லை. தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நகைச்சுவைத் துணுக்கு மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம் என்று அவள் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. படத்தை முதலில் காட்டிவிட்டால், பிறகு எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் நாதஸ்வர வித்துவானாகவும் நாட்டியக்காரி மோகனாவாகவும் நடித்த சிவாஜி கணேசனும் பத்மினியும்தான் அவள் மனத்தில் நடமாடுவார்கள். கோபுலு வரைந்த முகங்களுக்கு இடமிருக்காது. கதையை முதலில் படிக்கக் கொடுத்தாலோ, படத்தைப் பார்க்கும்போது இது எங்கே, அது எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பாள் என்று தோன்றுகிறது. இதை அனுபவித்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். தாள்கள் பழுப்பேறி, ஓரங்கள் தொட்டால் உதிர்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அப்பா ஒரு கடையில் மறுகட்டுக் கட்டக் கொடுத்தபோது, ஓரம் நறுக்கியவர் முதல் பைண்டின் மேல்வரியைப் பல பக்கங்களில் வெட்டிவிட்டார். அதிலிருந்து யாரிடமும் கொடுக்க அஞ்சுகிறேன். இதை எப்படிக் காப்பாற்றுவது?

மாசிவீதிக்காரன்

ஐயா, உங்கள் தந்தையார் எழுதிய அந்த அத்தியாயத்தைப் பற்றிப் படித்துவிட்டுச் சிறிது நேரம் வேறு எதையும் படிக்கத் தோன்றவில்லை. எங்கள் தலைமுறையில் இப்படிப் பலர் இருந்தார்கள். ஆனால் கட்டம் போட்டுப் படத்துக்கு இடம் விட்டவரை நான் கேள்விப்பட்டதில்லை.

என் பதில்: படத்தைத்தான் முதலில் காட்ட வேண்டும். அதை மதுரைக்காரனாகவே சொல்கிறேன். இந்த ஊருக்கும் திரைப்படத்துக்கும் உள்ள உறவு வெறும் பொழுதுபோக்கு உறவன்று. 1937இல் ‘சிந்தாமணி’ படம் ஓடிச் சேர்த்த பணத்தில், அதைத் தயாரித்த மதுரை நிறுவனத்தார் இங்கே ஒரு திரையரங்கையே கட்டி அதற்கும் சிந்தாமணி என்று பெயரிட்டார்கள். 1952 தீபாவளிக்குச் சிவாஜியின் முதல் படமான ‘பராசக்தி’ வந்தபோது, அந்தப் படத்தோடுதான் தங்கம் திரையரங்கு திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய அரங்கு அப்போது வேறெங்கும் இல்லை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

‘தில்லானா மோகனாம்பாள்’ 1968 ஜூலையில் வெளிவந்தது. நான் அப்போது பள்ளி மாணவன். சித்தப்பா அழைத்துச் சென்றார். படம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே, கோயில் விழாவில் சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்கும்போது வெடிச் சத்தம் கேட்கிறது. அவர் வாசிப்பை நிறுத்திவிடுகிறார். அந்த இடத்தில் எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எதிரே உண்மையான வித்துவான் கோபித்துக்கொண்டதைப் போல, ‘சரியாத்தான் நிறுத்தினார்’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். திரையில் இருப்பது நடிப்பு என்பதை அவர் மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

உங்கள் மகளை அந்த விரல்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நாதஸ்வரம் வாசிப்பவராக நடித்தவர்கள் பலர் உண்டு. குழலைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவதோடு பெரும்பாலும் சரி. சிவாஜியிடம் கன்னம் உப்புவது, கழுத்து நரம்பு புடைப்பது, ஒரு பிடி, அதாவது ஒரு சுரத்தொடர், முடிந்ததும் மூச்சை வாங்கிக்கொண்டு தவிற்காரரைப் பார்ப்பது எல்லாம் ஒலியோடு ஒட்டி வருகின்றன. தவில் முத்துராக்காக வரும் டி. எஸ். பாலையா அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளும் விதம் தனிக் கதை. ரயில் பெட்டிக் காட்சியில் பேச்சு மிகக் குறைவு; பாலையாவின் முகமும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரின் கண்களுமே அந்தக் காட்சியை நடத்திச் செல்கின்றன.

இன்னொன்றையும் அவள் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் சிவாஜிக்குப் பாட்டே கிடையாது. 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் தொடங்கி, சிவாஜி வாயசைத்தால் வரும் குரல் டி. எம். சௌந்தரராஜனுடையது என்று நாடு முழுவதும் பழகிப்போயிருந்தது. அந்தக் குரல் பிறந்ததும் மதுரையில்தான், 1922இல், சௌராஷ்டிரக் குடும்பத்தில். ஆனால் இயக்குநர் ஏ. பி. நாகராஜன் இந்தப் படத்தில் அந்தக் குரலைப் பயன்படுத்தவில்லை. கதாநாயகனின் கோபம், கர்வம், காதல் எல்லாம் நாயனத்தின், அதாவது நாதஸ்வரத்தின், வழியாகவே வர வேண்டும் என்று விட்டுவிட்டார். அந்த நாயனத்தை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஆகவே சிவாஜிக்கு அந்தப் படத்திலும் குரல் கொடுத்தது மதுரைதான் என்று நான் என் பேரப்பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

ஒரே அமர்வில், பெரிய திரையில், நடுவில் கைப்பேசியை எடுக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். துண்டு துண்டாகப் பார்ப்பதாக இருந்தால் பார்க்காமலிருப்பதே நல்லது.

நாயனக்காது

மாசிவீதிக்காரர் ஐயா சொன்னதில் பாதிக்கு மேல் உடன்படுகிறேன்; முடிவில் மட்டும் வேறுபடுகிறேன். திருப்பரங்குன்றத்தில் ஓர் ஆசிரியரிடம் ஆறு ஆண்டுகள் நாயனம் கற்றேன். குடும்பச் சூழலால் தொடர முடியவில்லை. ஆனால் காது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காதோடு சொல்கிறேன்: முதலில் கேட்க வேண்டும். திரையை அணைத்துவிட்டு, ஒலியை மட்டும் கேட்க வேண்டும்.

காரணம் இதுதான். சிவாஜியின் முகம் மிக வலிமையானது. கண் அதில் சிக்கிக்கொண்டால் காது இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. படத்தைப் பத்து முறை பார்த்தவர்களிடம், அங்கே ஒலிப்பது ஒரு நாயனமா இரண்டா என்று கேட்டுப் பாருங்கள், பலர் தயங்குவார்கள். சிக்கலாருக்குப் பக்கத்தில் தங்கரத்தினமாக ஏ. வி. எம். ராஜன் இரண்டாம் நாயனம் பிடித்து நிற்கிறார். ஒலியிலும் இருவர் உண்டு, அவர்கள் உடன்பிறந்தவர்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுப்பதும், பிறகு இருவரும் ஒரே பிடியில் சேர்ந்து, எது எவருடையது என்று பிரிக்க முடியாமல் போவதும் பல ஆண்டுகள் ஒரே வீட்டில் சாதகம் செய்தவர்களுக்கே வரும். பரம்பரையாக நாயனம் வாசித்த மதுரைக் குடும்பம் அது.

கருவியைப் பற்றியும் உங்கள் மகளுக்குச் சிறிது சொல்லிவிடுங்கள். கேட்பதற்கு அது உதவும். ஆச்சா மரத்தில் கடைந்த குழல், அதன் கீழ்முனையில் அணசு என்ற அகன்ற வாய், மேலே கெண்டை, அதில் செருகும் சீவாளி. இவ்வளவுதான் நாயனம். விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. உயிர் இருப்பது சீவாளியில். நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்த, கட்டை விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு சிறிய பொருள் அது. என் ஆசிரியர் வாசிப்பதற்கு முன் அதை வாயில் வைத்து நனைத்து, வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து இரண்டு இதழ்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து, மீண்டும் வாயில் வைப்பார். சில நாட்கள் நான்கைந்து சீவாளிகளை மாற்றிய பிறகே குழலில் செருகுவார். கழுத்தில் தொங்கும் நூலில் தந்தக் குச்சியும் மாற்றுச் சீவாளிகளும் கோத்திருக்கும். காற்றை ஊதுவதால் மட்டும் சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் வந்துவிடாது. உதட்டால் சீவாளியை அழுத்துவதும் தளர்த்துவதுமாகத்தான் ஒரே துளையிலிருந்து அரைச் சுரமும் கால் சுரமும் எடுக்கிறார்கள். பேசும் குரலுக்கு நெருக்கமான ஒலி நாயனத்தில் வருவதற்கு அதுவே காரணம். ‘நலந்தானா’ பாட்டில் இது தெளிவாகக் கேட்கும். நச்சுக் கத்தியால் குத்துப்பட்டுப் பிழைத்து வந்தவர் வாசிக்கிறார். ஊரார் கூடியிருக்கும் சபையில் அவரிடம் நேரே நலம் விசாரிக்க முடியாத பெண் பாட்டிலேயே விசாரிக்கிறாள். பி. சுசீலாவின் குரல் ஒரு கேள்வியைக் கேட்டு நிறுத்திய இடத்தில் நாயனம் உடனே பெரிதாகப் பதில் சொல்லிவிடவில்லை. தயங்கி, சிறிய பிடியாக எடுத்து, பிறகுதான் விரிகிறது. கண்ணை மூடிக் கேட்டால் அந்தத் தயக்கம் கேட்கும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் சிவாஜியின் கலங்கிய கண்தான் தெரியும். தயக்கம் கண்ணிலிருந்து வந்ததாக நினைத்துவிடுவோம்.

என் யோசனை: முதல் நாள், 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலம் வாசிக்க எஸ். ஜானகி பாடிய ‘சிங்கார வேலனே தேவா’வைக் கேட்கட்டும். அது ஆபேரி ராகம். மறுநாள் ‘தில்லானா மோகனாம்பா’ளில் மதுரைச் சகோதரர்கள் வாசித்த தியாகராஜரின் ‘நகுமோமு’வைக் கேட்கட்டும். அதுவும் ஆபேரிதான். ஒரே ராகம், ஒரே கருவி. ஆனால் முன்னதில் நாயனம் ஒரு பெண் குரலோடு போட்டியிட்டுக்கொண்டே துணை போகிறது, பின்னதில் தனியாக நின்று சபையை ஆள்கிறது. இந்த இரண்டையும் நான்கைந்து முறை கேட்ட பிறகு படத்தைக் காட்டுங்கள். இசையமைப்பாளர் கே. வி. மகாதேவன் எந்த அளவுக்கு ஒதுங்கி நின்று அந்தச் சகோதரர்களுக்கு இடம் விட்டிருக்கிறார் என்பது அப்போது விளங்கும்.

திரைப்படத்துக்காக எல்லாமே சில நிமிடங்களுக்குள் சுருக்கப்பட்டவை. ஒரு ராகத்தை மணிக்கணக்காக விரிக்கும் கருவி இது. அதை அவள் கோயிலில் நேரில் கேட்டாக வேண்டும். திருநகரிலிருந்து திருப்பரங்குன்றம் எட்டிப் பிடிக்கும் தூரந்தானே.

மேலூர் நூலகர்

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டவருடைய பெட்டியில் இருந்தது கதை. ஓர் இளைஞர் ஓர் இரவு முழுவதும் விழித்துப் படியெடுத்ததும் கதையைத்தான். அந்த நாளில் அந்தப் படத்துக்குப் பேச்சே கிடையாது. ஆகவே நான் கதையின் பக்கம் நிற்கிறேன்.

கொத்தமங்கலம் சுப்பு எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றியவர். 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்தை இயக்கியவரும் அவரே. விகடனும் வாசனுடையதுதான். திரைப்படம் எப்படி ஓடும் என்பதை உள்ளிருந்து அறிந்தவர், வாரப் பத்திரிகைக்காக எழுதிய கதை இது. ஒவ்வொரு அத்தியாயமும் வாசகரை ஒரு வாரம் காத்திருக்க வைக்கும் இடத்தில் நிற்பதற்கு இதுவே காரணம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தால் அந்த வேலைப்பாடு தெரியாது. தங்கள் மகளை நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். வீட்டில் மற்றவர்கள் கேட்கட்டும். அந்த நாளில் நான்கு வீடுகளுக்கு ஓர் இதழ் என்றால், பல வீடுகளில் அப்படித்தான் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். நட்டுவனாரும் தவிற்காரரும் ஒத்து ஊதுபவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு வாய்விட்டுப் படிக்கும்போதுதான் உயிர் பெறும்.

படத்தால் தர முடியாத ஒன்று கதையில் உண்டு. மூன்று மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்பதால் நாகராஜன் பல கிளைகளை வெட்டினார்; அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மோகனாவின் தாய் வடிவாம்பாள் ஏன் அப்படி நடந்துகொள்கிறாள் என்பது, படத்தை மட்டும் பார்க்கும் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. பேராசைக்காரத் தாய் என்று கடந்துவிடுகிறார்கள். ஆடல் மரபில் பிறந்த பெண்ணுக்குத் திருமணம் என்பதே வழக்கத்தில் இல்லாத ஒரு காலம். மிராசுதாரோ ஜமீன்தாரோ ஆதரித்தால்தான் வீடு நடக்கும். அந்த வீட்டில் பிறந்த ஒருத்தி, பணமில்லாத, முன்கோபக்காரரான ஒரு கலைஞரோடுதான் வாழ்வேன் என்று நிற்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை அறிய, அந்தப் பின்னணி வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி போன்றோரின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதை, அதாவது தேவதாசிகளாக நேர்ந்துவிடுவதை, தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. கதை விகடனில் வந்தபோது அந்தச் சட்டத்துக்குப் பத்து வயதுதான். உங்கள் தந்தையார் போன்ற வாசகர்கள் அந்த உலகம் கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்தபோதே இதைப் படித்தார்கள். இதைத் தங்கள் மகளிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பதினாறு வயதில் அது புரியும்.

இனி, தாள்களைப் பற்றி. அந்தக் காலத்து இதழ்த் தாள் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் அமிலத்தன்மையே தாளைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. போனதை மீட்க முடியாது, இனி போவதை மெதுவாக்கலாம். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகக் கசிந்து எழுத்தையும் சேர்த்துக் கெடுக்கும். லேமினேஷன் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. இனி எந்தக் காரணத்துக்காகவும் ஓரம் நறுக்கக் கொடுக்க வேண்டாம். பைண்டை முழுதாகத் தட்டையாக விரிக்காமல், இரு பக்கமும் தலையணையோ மடித்த துண்டோ வைத்து, பாதி விரிந்த நிலையில் படியுங்கள். பகல் வெளிச்சத்தில், வெயில் நேரே படாத இடத்தில் வைத்து, பக்கம் பக்கமாகப் படம் பிடித்துக்கொண்டு, மகள் பெரும்பாலும் அந்தப் படங்களிலிருந்தே படிக்கட்டும். தகரப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றாதீர்கள். மதுரைக் கோடையில் பரணின் வெப்பம் தாளைத் தின்றுவிடும். அடியறையில் ஓர் அலமாரியில், சலவை செய்த பருத்தித் துணியில் சுற்றி, பக்கத்தில் வசம்புத் துண்டுகளை ஒரு சிறு பையில் கட்டி வைத்தால் போதும். பழைய பைண்டுக்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். தங்கள் பைண்டில் பூச்சி அரிப்பு இல்லையென்றால் அதனால்தான் இருக்கும். இசைத்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், உறையோடு நிமிர்த்தி வையுங்கள்.

பாட்டுப் புத்தகங்களைப் பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். திரையரங்கு வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகங்களில், கதைச் சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் பக்கம் வரை எல்லாமே ஆய்வாளர்களுக்குத் தேவைப்படுகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்த இப்படிப்பட்ட அச்சுப் பொருள்களைக் கொண்டுதான் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் 1994இல் உருவானது.

கடைசியாக ஒன்று. எனக்குத் தெரிந்த வாசகர் ஒருவரிடம் இதே தொடரின் பைண்டு, படங்களோடு, பெரும்பாலும் முழுமையாக இருக்கிறது. தங்கள் தந்தையார் படியெடுத்தது எந்த அத்தியாயம் என்று எழுதினால், அந்தப் படத்தை எடுத்து அனுப்ப முயல்கிறேன்.

ஒத்தக்கடை வாசகி

சுருக்கமாக ஒன்று மட்டும். எதை முதலில் எடுத்தாலும் ஜில் ஜில் ரமாமணியை உங்கள் மகள் வெறும் சிரிப்புப் பாத்திரமாகக் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் அவள் கண்ட துணுக்கு அநேகமாக மனோரமா வரும் இடமாகத்தான் இருக்கும். நாடகக் கொட்டகைக்காரி அவள். சங்கீத வித்துவான்களின் உலகத்துக்கும் நாட்டிய வீட்டுக்கும் வெளியே நிற்பவள். சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று அவள் கேட்பதைக் கேட்டுத் திரையரங்கே சிரிக்கும். ஆனால் அவ்வளவு பெரிய வித்துவானைப் பற்றி அதைவிட நேர்மையான பாராட்டு அந்தப் படத்தில் வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை.

மதுரைக்காரர்களுக்கு அவளை நன்றாகத் தெரியும். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் நாடக சபை தொடங்கிய ஊர் இது. இன்றும் கோயில் விழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைக்க வேண்டுமென்றால் சுற்றுவட்டாரக் கிராமத்தார் மதுரைக்கு வந்துதான் நடிகர்களுக்கு முன்பணம் கொடுக்கிறார்கள். மனோரமாவும் பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையில் நின்று வந்தவர். அவர் அந்தப் பாத்திரத்தில் நடிக்கும்போது தாம் பழகிய மேடைக்காரிகளை மனத்தில் வைத்தே நடித்திருக்கிறார் என்றுதான் நான் எப்போதும் நினைப்பேன். விடிய விடிய நாடகம் பார்த்து வளர்ந்த என் அத்தை, படத்தில் ரமாமணி வரும் இடத்தில் மட்டும் சிரிக்கவே மாட்டார். தெரிந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார்.

திருநகர்வாசி

அனைவருக்கும் என் நன்றி. பதில்களை மகளிடம் முழுதாகப் படித்துக் காட்டினேன். அவளுக்கு நாயனக்காது ஐயாவின் யோசனைதான் முதலில் பிடித்தது. அன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு இரண்டு ஆபேரிகளையும் கேட்டாள். முதல் முறை எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் முறை ‘நகுமோமு’ போகும்போது, ‘இப்ப ரெண்டாவது ஆள் எடுத்துட்டார்’ என்றாள். சரியாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தை மீண்டும் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெள்ளிக்கிழமை முதல் கதையைப் படிக்கிறோம். மேலூர் நூலகர் ஐயா சொன்னபடி பக்கங்களைப் படம் பிடித்துக்கொண்டோம். பைண்டை நடுவில் தலையணைகளுக்கு இடையே வைத்து, அவள் உரக்கப் படிக்க, என் மனைவியும் என் தாயாரும் கேட்கிறார்கள். அம்மாவுக்குக் கண் தெளிவாகத் தெரிவதில்லை. பல இடங்களில் மகள் படிப்பதற்கு முன்பே அடுத்த வரியை அம்மா சொல்லிவிடுகிறார். அப்பா எத்தனை முறை அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டியிருப்பார் என்று நான் இதுநாள் வரை கேட்டதே இல்லை. வடிவாம்பாள் வரும் அத்தியாயங்களில் மகள் கேட்ட கேள்விகளுக்கு, ஐயா எழுதிய பின்னணியை வைத்துக்கொண்டு என்னால் முடிந்த அளவு பதில் சொன்னேன். எனக்குத் தெரியாத சிலவற்றை அம்மா சொன்னார்.

படத்தைக் கதை முடிந்த பிறகு பார்ப்பதாக இருக்கிறோம். மாசிவீதிக்காரர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். சொன்னபடி ஒரே அமர்வில்தான் பார்ப்போம்.

நூலகர் ஐயாவுக்கு: அது இரண்டாவது பைண்டில், கடைசியிலிருந்து ஏழாவது அத்தியாயம். தலைப்பையும் முதல் இரண்டு வரிகளையும் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். படம் கிடைத்தால் அதைத் தனித்தாளில் அச்செடுத்து, பக்கங்களுக்கு நடுவே ஒட்டாமல் வைக்க விரும்புகிறோம். கட்டத்தின்மேல் எதையும் ஒட்ட வேண்டாம் என்று மகள் உறுதியாகச் சொல்லிவிட்டாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நாயனக்காது ஐயா, கதையில் சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்கும் இடம் வந்தபோது, அது என்ன என்று மகள் நிறுத்திக் கேட்டாள். அம்மா வாயாலேயே சிறிது பாடிக் காட்ட முயன்றார், முடியவில்லை. திருப்பரங்குன்றத்தில் மல்லாரியை நேரில் கேட்க எந்த விழா நாளில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நின்றால் தவிலோடு சேர்த்துத் தெளிவாகக் கேட்கும் என்று எழுதினால், மூவரையும் அழைத்துக்கொண்டு போவேன்.